வேலையில் இருந்துகொண்டே எழுதியது யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியிலோ பள்ளியிலோ ஐடி கம்பெனியிலோ அரசு அலுவலகத்திலோ மாதச் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, ராத்திரியில் நாவலோ கையேடோ மொபைல் ஆப்போ எழுதுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் பலருக்கும் பயம் பிடிக்கிறது: ‘ஆபீஸ்ல உரிமை கேட்டு வந்துட்டா?’ அந்தப் பயத்திலிருந்து கிளம்பும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. பதில்கள் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டியவை. பிரச்சினை நிஜமாகவே வாசலுக்கு வந்துவிட்டால், கையெழுத்துப் போட்ட தாள்களோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பதிப்புரிமை, காப்புரிமை இரண்டும் ஒன்றா?

இல்லை. தமிழ்ச் செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிக் குழப்பிவிட்டார்கள். எழுத்து, ஓவியம், இசை, கம்ப்யூட்டர் நிரல் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை. இயந்திரம், மருந்து போன்ற கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை. அதற்கு 1970ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்கப் பதிப்புரிமை பற்றியது. நிரல் எழுதுகிறவர்களும் இங்கேயே இருக்கலாம், ஏனென்றால் சட்டத்தின் கணக்கில் நிரலும் ஓர் இலக்கியப் படைப்புதான்.

நான் ஒரு கம்பெனியின் ஊழியர். நான் எழுதுவதெல்லாம் கம்பெனிக்கா?

இல்லை. சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர் என்று தொடங்குகிறது. அதன்பிறகுதான் விலக்குகள் வருகின்றன. அவற்றில் 17(சி) என்ற உட்பிரிவு முக்கியமானது: பணி ஒப்பந்தத்தின்கீழ், வேலையின் பகுதியாக ஒருவர் உருவாக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், வேலை கொடுத்தவர் முதல் உரிமையாளர். இந்த வாக்கியத்தில் ‘வேலையின் பகுதியாக’, ‘வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்’ என்ற இரண்டு இடங்களில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது.

‘வேலையின் பகுதியாக’ என்பதை எப்படித் தீர்மானிப்பது?

இதைப் பலர் ‘பணியின்போது’ என்று தமிழாக்குகிறார்கள். அப்படிச் சொன்னதுமே அது நேரக் கணக்காகிவிடுகிறது: காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை கம்பெனிக்கு, ஆறுக்குமேல் எனக்கு என்று. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உங்களை எதற்காக வேலைக்கு எடுத்தார்கள், இந்தப் படைப்பை எழுதுவது அந்தக் கடமைக்குள் வருகிறதா என்பதே கேள்வி. ஒரு வங்கியின் கடன் பிரிவு அலுவலர் சிறுகதை எழுதினால் அது அவருடையது. அதே அலுவலர் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கையேட்டை மேலாளர் கேட்டு எழுதிக் கொடுத்தால் அது வங்கியுடையது, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும்.

நம் சட்டத்தின் இந்தப் பகுதி பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அதனால் இங்கிலாந்துத் தீர்ப்புகளை இங்கே வாதங்களில் எடுத்துக்காட்டுவார்கள். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று புரிந்துகொள்ள உதவும்.

1952இல் பதிவான ஸ்டீஃபன்சன் ஜோர்டன் வழக்கு இன்றுவரை பேசப்படுவது. மேலாண்மை ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கணக்காளர் எழுதிய புத்தகத்துக்கு, அந்த நிறுவனம் உரிமை கேட்டது. நீதிமன்றம் புத்தகத்தை மொத்தமாக யார் பக்கமும் தள்ளிவிடாமல் பிரித்துப் பார்த்தது. வெளியிடங்களில் அவர் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவான பகுதி அவருடையது. நிறுவனமே ஊக்கப்படுத்தி, செலவு பார்த்துக்கொண்டிருந்தாலும், விரிவுரை எழுதும்படி அவரை வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த வேலையின் விளைவாக எழுதிய பகுதி மட்டும் நிறுவனத்துடையது. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு உரிமையாளர்கள்! தங்கள் துறை அனுபவத்தைப் புத்தகமாக்கும் எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அலுவலக அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டிய நான்கு பக்கம் எதிர்பாராத இடத்தில் கடிக்கும்.

ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் பிரிண்டரில்தான் எல்லாம் செய்தேன். போச்சா?

போகவில்லை. இதற்கு அழகான உதாரணம் 1991இல் பதிவான நோவா எதிர் ஷூபா வழக்கு. டாக்டர் நார்மன் நோவா இங்கிலாந்தின் பொதுச் சுகாதார ஆய்வக அமைப்பில் தொற்றுநோயியல் நிபுணர். தோலில் துளையிடுவதைச் சுகாதாரமாகச் செய்வது எப்படி என்று ஒரு வழிகாட்டி எழுதினார். மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் வீட்டில் எழுதியது. ஆனால் தட்டச்சு செய்தது அவருடைய அலுவலகச் செயலாளர், பயன்படுத்தியது அலுவலக நூலகம், வெளியிட்டதும் அந்த அமைப்பே. இன்னொருவர் அதிலிருந்து எடுத்துப் போட்டபோது வழக்கு வந்தது. உரிமை டாக்டருக்கே என்றார் நீதிபதி. அலுவலகத் தாளும் தட்டச்சும் உரிமையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ஆபீஸ் லேப்டாப்பில் நாவல் எழுதலாம் என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனிப் பொருளைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியதற்கு மெமோ வரலாம், வேலையே போகலாம். ராஜினாமா செய்யும் நாளில் லேப்டாப்பை வாங்கிக்கொண்டுவிட்டால் உங்கள் கையெழுத்துப் பிரதி உள்ளே மாட்டிக்கொள்ளும். சட்டப்படி உங்கள் நாவல்தான், ஆனால் அது அவர்கள் பீரோவில் இருக்கும். அதைவிட, வழக்கு என்று வந்தால் யாருடைய கருவி என்பதும் ஒரு சாட்சியமாக மேசைக்கு வரும். பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என் சொந்த லேப்டாப்பில், ஞாயிற்றுக்கிழமையில் எழுதிய நிரல் நிச்சயம் எனக்குத்தானே?

ஐடிக்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். கருவியும் நேரமும் உங்களுக்கு எதிராக முடிவு செய்யாதது போலவே, உங்களுக்கு ஆதரவாகவும் முடிவு செய்வதில்லை.

இங்கிலாந்தில் 1989இல் பதிவான மிஸ்ஸிங் லிங்க் வழக்கில், நிரல் எழுதும் வேலையில் இருந்தவர் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில், தன் கம்பெனியின் சரக்கோடு போட்டியிடும் மென்பொருள் எழுதியதாகப் புகார். ‘சொந்த நேரம்’ என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைத் தள்ளிவிட நீதிமன்றம் மறுத்தது. 2021இல் பென்ஹாலுரிக் வழக்கு. குற்றப் புலனாய்வுக்கான கணினித் தடயவியல் மென்பொருளை ஓர் ஊழியர் எழுதினார். வேலையின் கணிசமான பகுதியை வீட்டில், சொந்தக் கணினியில் செய்ததாகச் சொன்னார். அந்த மென்பொருளை உருவாக்குவதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்ததற்கான காரணமே என்பதால், வீட்டில் செய்தது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

ஆக, பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனியில் டெவலப்பராக இருக்கும் ஒருவர், வார இறுதியில் பஞ்சாங்க ஆப் எழுதினால் கவலை குறைவு. வார இறுதியில் இன்னொரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினால், யாருடைய லேப்டாப் என்று கேட்கவே வேண்டாம், பிரச்சினை உண்டு.

ஆஃபர் லெட்டரில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாப் படைப்புகளும் நிறுவனத்துக்கே’ என்று இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எல்லோரும் போட்டிருக்கிறோம். சேருகிற நாளன்று இருபது பக்கத் தாளை யார் படித்தார்கள்?

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதியதற்கு இந்த வாசகமே தேவையில்லை. சட்டமே அதைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. வேலைக்கு வெளியே எழுதியது உங்களுடையது. அதைக் கம்பெனி பெற வேண்டுமானால் நீங்கள் உரிமையை எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அப்படி எழுதிக்கொடுப்பதற்கு 18, 19ஆம் பிரிவுகள் விதி வைக்கின்றன. இன்னும் எழுதாத படைப்பின் உரிமையையும் முன்கூட்டியே கொடுக்கலாம். படைப்பு உருவான பிறகுதான் அது செல்லும். எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாகச் சொல்லாதபோது, பெற்றுக்கொண்டவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும்.

‘எல்லாப் படைப்புகளும்’ என்பது எந்தப் படைப்பையும் அடையாளம் காட்டவில்லை என்று ஊழியர் தரப்பில் வாதிட இடமிருக்கிறது. கம்பெனிகளின் வக்கீல்களும் சும்மா இருப்பதில்லை. ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று சேர்த்து எழுதி ஐந்தாண்டு விதியையும் ஓராண்டு விதியையும் முன்பே அடைத்துவைப்பார்கள். வாதத்துக்கு இடமிருக்கிறது என்பதற்காகக் கோர்ட்டுக்குப் போவது ஒரு நாவலாசிரியருக்குக் கட்டுபடியாகிற காரியமல்ல.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: எழுத்தில் கேளுங்கள். சேரும்போதே, ஏற்கெனவே எழுதியவற்றின் பட்டியலையும் ‘கம்பெனித் தொழிலோடு தொடர்பில்லாத இலக்கியப் படைப்புகள் இதில் அடங்கா’ என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு என்றால், ‘கல்வெட்டுகள் பற்றி என் சொந்த நேரத்தில் ஒரு நூல் எழுதுகிறேன், இதில் நிறுவனத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று உறுதிப்படுத்தவும்’ என்று ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல். பெரும்பாலும் ஹெச்ஆர்காரர்களுக்குக் கல்வெட்டில் அக்கறை இருக்காது. அந்த ஒரு வரிப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக மெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

‘வேறு வேலை செய்யக்கூடாது’ என்ற நிபந்தனையை மீறி எழுதினால், எழுதியது கம்பெனிக்குப் போய்விடுமா?

ஒழுங்கு நடவடிக்கை வேறு, உரிமை வேறு. நிபந்தனையை மீறினீர்கள் என்று உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு கேட்கலாம். அதனாலேயே உங்கள் கவிதைத் தொகுப்பின் உரிமை கைமாறிவிடாது. மேலே சொன்னபடி எழுதிக்கொடுத்திருந்தால்தான் மாறும்.

அரசு ஊழியர்களுக்கு?

இங்கும் அதே பிரிவினை, இன்னும் கூர்மையாக. அரசின் வழிகாட்டுதலிலோ கட்டுப்பாட்டிலோ உருவான படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர். அந்த உரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு இருக்கும். வட்டாட்சியர் எழுதும் அறிக்கை அரசுடையது. வட்டாட்சியர் எழுதும் நாவல் அவருடையது.

அனுமதி என்பது தனிக் கேள்வி. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு முன் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. அலுவல் கெடக்கூடாது, எழுதுவது என் சொந்தக் கருத்து, அரசின் கருத்தல்ல என்பது தெளிவாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் விதிகள் தனியே இருக்கின்றன. உங்கள் துறையின் பிரிவு அலுவலரிடம் கேட்டு, வேண்டியிருந்தால் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்களுக்கு ஓய்வு பெற்றாலும் விடுதலை இல்லை: 2021இல் மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தம் அமைப்பின் வேலை சம்பந்தமாக எதை வெளியிடவும் முன் அனுமதி வேண்டும். உரிமை எழுதியவருக்கே இருக்கலாம், வெளியிடத்தான் முடியாது.

பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். என் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கலாமா?

பத்திரிகைக்காரர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 17(ஏ) பிரிவின்படி, பத்திரிகை ஊழியர் தன் பத்திரிகைக்காக எழுதியதில், அதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு. மற்ற எல்லாமும், புத்தக உரிமை உட்பட, எழுதியவருக்கே. வழக்கம்போல, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில். இப்போதெல்லாம் பெரிய பத்திரிகைகளின் பணி ஒப்பந்தங்கள் இந்தச் சலுகையைப் பிடுங்கிக்கொள்வதுண்டு. எடுத்துப் படித்துவிட்டுத் தொகுப்பு வேலையைத் தொடங்குங்கள்.

வழக்கமான வேலைக்கு வெளியே அதே பத்திரிகைக்குச் செய்த வேலையும் உண்டு. 1914இல் லண்டனில் பைர்ன் என்ற பத்திரிகையாளர், தன் பத்திரிகைக்காகவே, ஆனால் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சொந்த நேரத்தில், பிரேசில் நாட்டு ஆளுநர் ஒருவரின் உரையை மொழிபெயர்த்தார். இன்னொரு பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. மொழிபெயர்ப்பு அவருடைய அன்றாட வேலையில் சேராது, உரிமை அவருக்கே என்று தீர்ப்பு.

நம் பக்கத்து மாநிலத்தில் இதைவிடச் சுவையான வழக்கு நடந்தது. கார்ட்டூனிஸ்ட் டாம்ஸ் என்ற வி. டி. தாமஸ் படைத்த போபன், மோளி என்ற இரண்டு வால்பிள்ளைகள் மலையாள மனோரமா வார இதழின் கடைசிப் பக்கத்தில் பல்லாண்டுகள் குடியிருந்தார்கள். இதழைப் பின்னாலிருந்து புரட்டும் பழக்கமே கேரளத்தில் அவர்களால் வந்தது என்பார்கள். 1987இல் டாம்ஸ் அங்கிருந்து விலகி வேறு இதழில் வரையப் போனபோது, பாத்திரங்கள் எங்களுடையவை என்று நிறுவனம் வழக்குப் போட்டது. வேலையில் சேருவதற்கு முன்பே அவர் உருவாக்கிவிட்ட பாத்திரங்கள் அவை. விலகிய பிறகு அவர் தொடர்ந்து வரைவதைத் தடுக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. வேலையில் சேரும்போது முன்படைப்புகளின் பட்டியல் கொடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஆசிரியர் நான். என் நோட்ஸ், வினாத்தாள், கைடு?

ஆசிரியரைப் பாடம் நடத்தத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். அவர் ஒரு பதிப்பகத்துக்கு எழுதும் கைடு பொதுவாக அவருடையது. பள்ளி கேட்டுத் தயாரித்த பாடத்திட்டக் கையேடு, கல்லூரி ஸ்டூடியோவில் பதிவு செய்த ஆன்லைன் பாடம் போன்றவற்றில் நிர்வாகத்தின் கை ஓங்கியிருக்கும், ஒப்பந்தத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வினாத்தாள் தயாரித்துக் கொடுப்பவர் அதன் ஊழியர் அல்லர் என்று 1916லேயே லண்டன் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் முடிவாகிவிட்டது.

மேடையில் பேசியது? கம்பெனிதான் கருத்தரங்குக்கு அனுப்பியது.

பொதுமேடைப் பேச்சுக்குச் சட்டத்தில் தனி இடம்: பேசியவரே முதல் உரிமையாளர், கூட்டத்தை ஏற்பாடு செய்தவரிடம் அவர் வேலை பார்த்தாலும்கூட. இன்னொருவர் சார்பில் பேசினால் மட்டும் அந்த இன்னொருவருக்கு.

நான் ஊழியரே இல்லை, ஃப்ரீலான்ஸ்.

அப்படியானால் 17(சி) உங்களைத் தொடாது. எழுத்து உங்களுடையது, கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய. ஆனால் காசு வாங்கிக்கொண்டு, ஒருவர் கேட்டு எடுத்துக்கொடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம், எடுத்த திரைப்படம் ஆகியவற்றில் முதல் உரிமை, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், செய்யச் சொன்னவருக்கு. கல்யாண போட்டோகிராபர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

என் நாவலில் ஆபீஸ் விஷயங்கள் வருகின்றன. பிரச்சினையா?

பெரும்பாலும் பதிப்புரிமைப் பிரச்சினை இல்லை, ரகசியக் காப்புப் பிரச்சினை. உரிமை முழுக்க உங்களுடையதாக இருந்தாலும், வாடிக்கையாளர் விவரமோ வெளியிடாத திட்டமோ உள்ளே இருந்தால் வழக்கு வரலாம். பட்டியலையே எடுத்துப் போட்டால் பதிப்புரிமையும் குறுக்கே வரும், ஏனென்றால் வாடிக்கையாளர் பட்டியலே ஒரு தொகுப்புப் படைப்புதான். வேலையை விட்டுப்போன ஊழியர் அதைக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவதை 1995இல் டில்லி உயர்நீதிமன்றம் பர்லிங்டன் வழக்கில் தடுத்தது.

வேலையாக எழுதியதில் என் பெயரையாவது போடச் சொல்லலாமா?

சொல்லலாம். 57ஆம் பிரிவின்படி, உரிமை யார் கையில் இருந்தாலும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் படைத்தவருக்குத் தனியே உண்டு.

பதிவு செய்தால் பாதுகாப்பா? கதையை உறையில் போட்டு எனக்கே பதிவுத் தபால் அனுப்பினால் போதும் என்கிறார்களே?

சினிமாக் கனவோடு சென்னைக்கு வந்த எல்லோரும் கேள்விப்பட்ட வித்தை அது. உறைமேல் இருக்கும் தபால் முத்திரை தேதிக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சாட்சியமாக, அதாவது எதிர்த்தரப்பு தவறென்று காட்டும்வரை, நிற்கும். வேலைக்கு வெளியே எழுதியது என்பதை அந்தச் சான்றிதழ் நிரூபிக்காது. அதற்குத் தேதியிட்ட வரைவுகளும், உங்கள் பணி விவரம் எழுதிய நியமன ஆணையும்தான் உதவும்.

இலங்கையில் இருக்கிறேன். இதே சட்டமா?

வேறு சட்டம், அதே போக்கு. அங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், வேலையின் பகுதியாக உருவான படைப்பின் பொருளாதார உரிமைகளை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குத் தருகிறது.

பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ‘இந்நூலின் முழு உரிமையாளர் நானே’ என்று உறுதி கேட்கிறார்கள். போடலாமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் நியமன ஆணையை எடுத்து, படைப்புரிமை பற்றிய பத்தியை ஒருமுறை படியுங்கள். புத்தகம் உங்கள் அன்றாட வேலையோடு தொடர்பில்லாதது, எதையும் எழுதிக்கொடுக்கவில்லை என்றால் தாராளமாகப் போடலாம். துறை சார்ந்த புத்தகம் என்றால், அலுவலகத்துக்காக எழுதிய பக்கங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் மறுபடி சொந்தமாக எழுதுங்கள் அல்லது அலுவலகத்தின் சம்மதக் கடிதம் வாங்குங்கள். சந்தேகத்தைப் பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த உறுதிமொழிக்குக் கீழேயே, வழக்கு வந்தால் பதிப்பகத்துக்கு ஆகும் செலவை எழுத்தாளரே ஏற்க வேண்டும் என்று இன்னொரு வரி வழக்கமாக இருக்கும்.